முட்டை விமானம் கட்டுவது எப்படி: ஒரு கூழைக்கடாவை முதல் வெட்டிலிருந்து கண்ணாடிப் பெட்டி வரை கொண்டுபோகும் வழி

நிஜ விமானத்தின் நீளத்தைக் குறுக்கி, வயிற்றை ஊதவைத்து, உள்ளங்கையில் அடங்கும் உருண்டையாக்கினால் அதுதான் முட்டை விமானம். ஹசெகாவா, மெங் போன்ற நிறுவனங்கள் இவற்றைப் பிளாஸ்டிக் கிட்டாகவே விற்கின்றன. பெரிய மாடல்களோடு பார்த்தால் பாகங்கள் மிகக் குறைவு. ‘சின்னப் பிள்ளைகள் சமாச்சாரம்தானே’ என்று ஒரே உட்காரலில் ஒட்டிவிடுகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். ஒட்டி முடித்துத் தூக்கிப் பார்த்தால் நடு முதுகில் இரண்டு பாதிகள் சேர்ந்த இடத்தில் ஒரு கோடு, பசை பட்டு மங்கிய கண்ணாடி, பின்பக்கம் சாய்ந்து உட்கார்ந்த விமானம். பார்ப்பவருக்குச் சிரிப்பு வருவதில்லை.

உருண்டையான உடம்பில் குறையை ஒளித்துவைக்க இடமே கிடையாது. சாதாரண மாடலில் தகட்டுக் கோடுகளும் ஆணித் தலைகளும் சின்னப் பிழையை மறைத்துவிடும். இங்கே எல்லாம் வழவழப்பான வெளி. ஒரு கோடு மிஞ்சியிருந்தாலும் கண் அதைத்தான் தேடிப் போகும், முகத்தைப் பார்க்காது. வேடிக்கையான மாடலுக்குச் சாதாரண மாடலைவிடச் சுத்தமான வேலை வேண்டும் என்று சொல்வது அதனால்தான். சுத்தம் வருவது கைத்திறமையால் கொஞ்சம், எந்த வேலையை எதற்கு முன் செய்கிறோம் என்பதால் அதிகம். ஆகவே இந்த வழிகாட்டியில் வரிசைக்குத்தான் முதலிடம்.

எடுத்துக்காட்டாக ஒரு ஜெட் கிட்டை, நெல்லைப் பக்கம் கூந்தன்குளத்துக்கு வரும் கூழைக்கடாப் பறவையாக மாற்றப்போகிறோம். வேறு வேடம் போட நினைப்பவர்களுக்கும் வரிசை இதேதான்.

1. கிட்டைத் தேர்ந்தெடுத்தல்

எந்த வேடம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். கிட்டை வாங்கிவிட்டு யோசித்தால் உடம்பும் வேடமும் ஒட்டாது.

கூழைக்கடாவுக்கு அடையாளம் தாடையின் கீழே தொங்கும் பை. அந்தப் பைக்கு ஆதாரமாக ஏதாவது ஏற்கெனவே இருந்தால் வேலை பாதி. எஃப்-16 ஜெட்டில் காற்று இழுக்கும் வாய் மூக்குக்குப் பின்னால், வயிற்றுக்கு அடியில் இருக்கிறது. மூக்கு நுனியிலிருந்து அந்த வாய் வரை புட்டியால் ஒரு வளைவு கொடுத்தால் பை வந்துவிடும். முன்சக்கரம் அந்த வாய்க்குப் பின்னால் இருப்பதால் பையோடு மோதாது. ஸ்பிட்ஃபயர் மாதிரியான புரொப்பெல்லர் விமானத்தில் மூக்கு நுனியில் விசிறி இருக்கிறது. அங்கே அலகு வைக்க வழியில்லை.

மெங் கிட்ஸ் வரிசையில் பல கிட்டுகள் பசை இல்லாமல் அழுத்திப் பொருத்துபவை, பிளாஸ்டிக்கே நிறத்தோடு வருபவை. பத்து வயதுப் பிள்ளையோடு உட்காருகிறீர்கள் என்றால் அதை வாங்குங்கள். பெயின்ட் அடித்து வேடம் போட வேண்டுமென்றால் பசை போடும் கிட் மேல்.

2. முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டியவை

நடுவேலையில் ஒரு சாமானுக்காக நிற்பதுதான் அவசர மாற்றுகளுக்குக் காரணம். அவசர மாற்றுதான் பிளாஸ்டிக்கைக் கெடுக்கிறது. நம் பக்கத்தில் கிட்டும் மாடல் பெயின்ட்டும் பெரும்பாலும் ஆன்லைனில்தான் வரும். மற்றதெல்லாம் திருநெல்வேலி டவுனிலும் வண்ணார்பேட்டையிலும் கிடைத்துவிடும்.

வெட்டுவதற்குத் தட்டையான வாயுள்ள சைடு கட்டர், பிளேடு மாற்றக்கூடிய கத்தி. தேய்க்க 400, 600, 1000, 2000 எண் உப்புத்தாள், நான்கும் தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் வகை. ஒட்டுவதற்குப் பிளாஸ்டிக்கைக் கரைத்து ஒட்டும் நீர்ப் பசை, கொஞ்சம் ஃபெவிக்விக், கண்ணாடிக்கு ஃபெவிகால். பைக்கு எம்-சீல். எடைக்குச் சைக்கிள் கடை பால்ரஸ் குண்டு, அல்லது உவரி, தூத்துக்குடிப் பக்கம் தூண்டிலுக்கு விற்கும் ஈயக்குண்டு. அப்புறம் மாஸ்கிங் டேப், சாம்பல் நிறப் பிரைமர், தண்ணீரில் கலக்கும் அக்ரிலிக் பெயின்ட், பளபளப்பு வார்னிஷ், மங்கல் வார்னிஷ்.

ஹார்டுவேர் கடைத் தின்னர் வேண்டாம். என்.சி. தின்னர் நம் மாடலின் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும். பிரஷ் கழுவ வைத்திருந்ததில் ஒரு சொட்டு இறக்கையில் விழுந்தாலும் பள்ளம் விழும். வண்டிக்கு அடிக்கும் ஸ்ப்ரே டப்பாவிலும் கடுமையான தின்னர்தான் இருக்கும். அதைத் தவிர வேறு வழியில்லை என்றால் பாகங்கள் பிடித்திருக்கும் சட்டத்தின் ஒரு துண்டில் அடித்து, ஒரு நாள் விட்டு நகத்தால் சுரண்டிப் பாருங்கள். மேல்பரப்பு இளகியிருந்தால் அந்த டப்பா இந்த வேலைக்கு ஆகாது.

3. காலத்தையும் நேரத்தையும் பார்த்துக்கொள்வது

கிட்டோடு வரும் குறிப்புத்தாள் இதைச் சொல்லாது. அது ஜப்பானிலோ சீனாவிலோ உட்கார்ந்து எழுதியது.

சித்திரை, வைகாசியில் நண்பகல் ஸ்ப்ரே அடித்தால் பெயின்ட் துளி மாடலைத் தொடுவதற்கு முன்பே காற்றில் காய்ந்துவிடுகிறது. மேலே உட்காருவது தூளாக உட்காரும், தொட்டால் சொரசொரப்பு. காலை ஏழு முதல் ஒன்பது மணிக்குள் அடியுங்கள். ஆனி, ஆடியில் சூடு பரவாயில்லை, காற்றுதான் தொல்லை. மொட்டை மாடியில் அடித்தால் பாதி பெயின்ட் பக்கத்து வீட்டுக்குப் போய்விடும், மீதியில் தூசி ஒட்டும். தென்காசி, செங்கோட்டைப் பக்கம் இருப்பவர்களுக்குச் சாரலும் சேர்ந்துகொள்ளும். ஐப்பசி, கார்த்திகை மழையில் காற்றில் ஈரம் ஏறிவிடுவதால் ஸ்ப்ரே பெயின்ட்டின் மேல் வெள்ளையாகப் புகை படர்ந்தது போல் ஆகிவிடும். பெயின்ட் காயும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிவதுதான் காரணம்.

மழைக்காலத்தில் வெட்டு, ஒட்டு, தேய்ப்பு வேலைகளை முடித்துவைத்துவிட்டு, தை பிறந்ததும் பெயின்ட்டுக்குப் போங்கள். கூந்தன்குளத்தில் பறவைகள் நிறைந்திருக்கும் பருவமும் அதிலிருந்துதான். நாங்குநேரி வட்டாரத்தில் இருக்கும் அந்த ஊரில் கூழைக்கடாக்கள் வீட்டு மரங்களிலேயே கூடு கட்டும். தெருவில் நின்றே பையின் வளைவையும் அலகின் நிறத்தையும் பார்த்துவிடலாம். போனில் எடுத்த படம் வேலை மேசையில் இருக்கட்டும். மனதில் இருக்கும் கூழைக்கடாவைப் பார்த்து வரைந்தால் அது வாத்தாகிவிடும்.

4. வெட்டுவதும் கழுவுவதும்

பாகத்தைச் சட்டத்திலிருந்து இரண்டு வெட்டில் எடுங்கள். முதல் வெட்டு பாகத்திலிருந்து இரண்டு மூன்று மில்லிமீட்டர் தள்ளி. அடுத்தது ஒட்டி. ஒரே வெட்டில் ஒட்டி வெட்டினால் பிளாஸ்டிக் இழுபட்டு வெளுத்துப்போகும், சில நேரம் பாகத்திலேயே ஒரு பள்ளம் பிய்ந்துவரும். கையால் முறுக்கிப் பிய்ப்பது கூடவே கூடாது.

எல்லாப் பாகங்களையும் வெட்டிக் குவித்துவிடாதீர்கள். எண் சட்டத்தில்தான் அச்சிட்டிருக்கும். வெட்டியபின் இடது சக்கரக் கதவு எது, வலது எது என்று சொல்ல முடியாது. அன்றைக்குத் தேவையானதை மட்டும் வெட்டுங்கள்.

வெட்டுவதற்கு முன் சட்டத்தை அப்படியே பாத்திரம் கழுவும் திரவம் கலந்த தண்ணீரில் அலசிக் காயவைத்துவிடுவது நல்லது. அச்சிலிருந்து பாகம் எளிதாகக் கழன்றுவரத் தடவிய எண்ணெய்ப் பசை மேலே இருக்கலாம். அது இருந்தால் பெயின்ட் பிடிக்காது.

5. பசை இல்லாமல் ஒருமுறை முழுவதும் சேர்த்துப் பார்ப்பது

புதியவர்கள் தாண்டிப்போகும் படி இது. “அண்ணாச்சி, இத இப்பமே ஒட்டிரலாம்லா?” என்று கேட்கும்போது கையில் பசை மூடி திறந்திருக்கும். இந்த மாதிரிப் பசை பிளாஸ்டிக்கைக் கரைத்து ஒன்றாக்குகிறது. பிடித்தபின் பிரிக்க முடியாது.

உடம்பின் இரண்டு பாதிகளையும் சேர்த்து மாஸ்கிங் டேப் போடுங்கள். இறக்கை, வால், கண்ணாடி, சக்கரக் கால்கள் எல்லாவற்றையும் டேப்பாலேயே தற்காலிகமாகப் பொருத்துங்கள். எங்கே இடைவெளி விழுகிறது, எந்த ஆணி துளைக்குள் போக மறுக்கிறது என்று இப்போது தெரியும். ஆணி தடித்திருந்தால் ஒரு சுற்று தேயுங்கள். இறக்கை லேசாக வளைந்திருந்தால் சூட்டுத் தண்ணீரில் சில நொடி வைத்து, நேராக்கிப் பிடித்து, அப்படியே குளிர்ந்த தண்ணீரில் அமிழ்த்துங்கள்.

இந்த நிலையில் விமானத்தைக் கண்ணுக்கு நேரே வைத்து, முன்னாலிருந்து பாருங்கள். அலகு எங்கே தொடங்கும், கண் எங்கே வரும் என்று பென்சிலால் குறித்துவிடுங்கள். பின்னால் புட்டி போட்டு மூடிய பிறகு மூக்கின் நடு எது என்று தெரியாது.

6. மூக்கில் எடை: உடம்பை மூடும் முன்

முன்சக்கரம் உள்ள ஜெட், மாடலாக வரும்போது, பெரும்பாலும் பின்பக்கம் சாயப் பார்க்கும். முட்டை விமானத்தில் இது இன்னும் மோசம். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரங்களுக்கும் உள்ள தூரம் குறுகிவிட்டது, வால் மட்டும் பெரிதாகவே இருக்கிறது. மொத்த எடையின் நடுப்புள்ளி பின்சக்கரங்களுக்கு முன்னால் விழ வேண்டும். இல்லாவிட்டால் உட்கார்ந்துவிடும். மூடியபின் உள்ளே எடை போட வழியில்லை.

டேப் போட்டுச் சேர்த்த விமானத்தை எடுத்து, பின்சக்கரங்கள் வரும் இடத்துக்கு நேர் கீழே ஒரு பென்சிலைக் குறுக்காக வைத்து நிறுத்துங்கள். மூக்கின் மேல் பால்ரஸ் குண்டுகளை ஒரு சின்ன டேப் பொட்டலமாகக் கட்டி ஒட்டி, மூக்குப் பக்கம் சாயும் வரை சேர்த்துக்கொண்டே போங்கள். சாய்ந்த பிறகு இன்னும் கால் பங்கு கூட்டிவிடுங்கள். வால்பக்கம் பின்னால் ஏறப்போகும் புட்டி, பிரைமர், வார்னிஷ் எல்லாவற்றுக்கும் எடை உண்டு.

எடை மூக்கு நுனிக்கு எவ்வளவு கிட்ட இருக்கிறதோ அவ்வளவு குறைவாகப் போதும். நடுவயிற்றில் வைத்தால் இரண்டு மடங்கு வைத்தும் பயன் இருக்காது, மெல்லிய சக்கரக் கால்தான் வளையும். பை செய்யப்போகும் எம்-சீலும் மூக்குக்கடியில்தான் வருகிறது, அதுவும் எடை. பைக்குத் தேவைப்படும் அளவு எம்-சீலைக் கலக்காமல் அப்படியே அந்த இடத்தில் ஒட்டிவைத்துச் சோதியுங்கள். குண்டு குறைவாகவே போதும் என்று தெரியவரும்.

தாமிரபரணி மணல் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. இரும்பு மணலைவிட நான்கைந்து மடங்கு கனம், ஈயம் அதற்கும் மேல். மூக்கு நுனியில் இருக்கும் கொஞ்ச இடத்துக்கு மணல் போதாது.

ஈயக்குண்டு போடுகிறவர்கள் இரண்டு விஷயம் பார்த்துக்கொள்ளுங்கள். தொட்டபின் கை கழுவ வேண்டும், பிள்ளைகள் கையில் கொடுக்கக் கூடாது. அப்புறம், ஈயத்தை ஃபெவிகாலால் ஒட்டாதீர்கள். வெள்ளைப் பசையோடு சேர்ந்து ஈயம் வருடக்கணக்கில் மெல்லப் பூத்து வீங்கும், உடம்பையே உள்ளிருந்து பிளந்துவிடும். எம்-சீலில் புதைத்து வைத்தால் அந்தத் தொல்லை இல்லை, ஆட்டினால் கலகலவென்று சத்தமும் வராது.

7. உடம்பை ஒட்டுவது

எடை இறுகிய பிறகு இரண்டு பாதிகளையும் சேர்த்துப் பிடியுங்கள். நீர்ப் பசை தொட்ட பிரஷ் நுனியைக் கோட்டின் மேல் வைத்தால் அது தானாகவே உள்ளே ஓடும். விரல் கோட்டின் மேல் இருக்கக் கூடாது. பசை விரலுக்கு அடியில் ஓடி ரேகையை அப்படியே பிளாஸ்டிக்கில் பதித்துவிடும்.

சில நொடி விட்டு, இரண்டு பக்கமும் அழுத்துங்கள். கோடு நெடுகச் சின்னக் குமிழாகக் கரைந்த பிளாஸ்டிக் வெளியே பிதுங்க வேண்டும். பயந்து துடைக்காதீர்கள். அந்தப் பிதுக்கம்தான் இடைவெளியை நிரப்புகிறது. டேப் சுற்றி ஒரு முழு நாள் விடுங்கள்.

அன்று மாலையே தேய்க்கத் தோன்றும். தேய்த்தால் அப்போதைக்கு வழவழப்பாகத்தான் வரும். உள்ளே பசை இன்னும் காய்ந்திருக்காது. நாலு நாளில் அது சுருங்கும்போது கோட்டின் இடத்தில் ஒரு பள்ளம் விழும், பெரும்பாலும் பெயின்ட் அடித்த பிறகு.

8. கோட்டை மறைப்பது

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் பொறுமையாகச் செய்வேன் என்று முடிவெடுத்தால் அது இதுவாக இருக்கட்டும்.

400 எண் தாளில் தொடங்குங்கள். தாளைத் தட்டையான கட்டையில் ஒட்டித் தேய்த்தால் உருண்டை முதுகில் தட்டை விழுந்துவிடும். சின்ன ஸ்பாஞ்சில் சுற்றித் தேயுங்கள், அது வளைவோடு வளையும். கோட்டின் நீளவாக்கில் மட்டும் தேய்த்தால் வாய்க்கால் விழும், குறுக்காகவும் சாய்வாகவும் மாற்றி மாற்றித் தேயுங்கள். தாளை அடிக்கடி தண்ணீரில் அலசுங்கள். தூள் சேர்ந்தால் கீறும், உலர்வாகத் தேய்த்தால் சூடேறி பிளாஸ்டிக் உருளும்.

பிதுக்கம் மறைந்ததும் 600, பிறகு 1000. நடுவில் ஒரு எண்ணைத் தாண்டிப் போனால் முந்தைய தாளின் கீறல் அப்படியே நிற்கும்.

கண்ணை நம்பாதீர்கள், நகத்தை நம்புங்கள். கண்ணை மூடிக்கொண்டு நகத்தைக் கோட்டுக்குக் குறுக்கே இழுத்தால் எங்கே தட்டுகிறதோ அங்கே இன்னும் வேலை இருக்கிறது. பள்ளம் மிஞ்சியிருந்தால் பல்குச்சி நுனியால் ஃபெவிக்விக் வைத்து, இறுகியதும் அன்றைக்கே தேய்த்துவிடுங்கள். மறுநாளுக்கு விட்டால் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக்கைவிட அது கெட்டியாகிவிடும். பக்கத்து இடம் தேய்ந்து பசை மட்டும் மேடாக நிற்கும்.

9. தாடைப் பை

எம்-சீல் பிளாஸ்டிக்கைக் கரைக்காது, மேலே பிடித்துக்கொள்ளத்தான் செய்யும். ஆகவே வழவழப்பான பரப்பில் வைத்தால் ஒரு நாள் முழுத் துண்டாகக் கழன்றுவரும். பை வரும் இடத்தைப் பென்சிலால் வரைந்து, அதற்குள் 400 தாளால் சொரசொரப்பாக்கி, கத்தி நுனியால் குறுக்கும் நெடுக்கும் கீறுங்கள்.

எம்-சீலின் இரண்டு பொருளையும் நிறம் ஒரே சீராக வரும் வரை பிசையுங்கள். கோடு கோடாகத் தெரிந்தால் கலப்பு போதவில்லை, அந்த இடம் என்றைக்கும் இறுகாது. முதலில் ஒரு சின்ன உருண்டையைக் கீறலுக்குள் அழுத்தித் தேய்த்துவிட்டு, அதன்மேல் மீதியை வையுங்கள். விரலைத் தண்ணீரில் நனைத்து மூக்கு நுனியிலிருந்து காற்றுவாய் வரை ஒரே இழுப்பாக வழியுங்கள்.

பை எவ்வளவு தொங்கலாம்? என் கணக்கு, உடம்பின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு. அதற்குக் குறைந்தால் தாடை வீங்கியது போல் இருக்கும், கூடினால் தரையைத் தட்டும். சக்கரத்தை டேப்பால் பொருத்தி மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டே செய்யுங்கள். தண்ணீர் நிறைந்த பை பின்பக்கம் கனமாகத் தொங்கும், படத்தைப் பாருங்கள். முன்பக்கம் கனமாக இருந்தால் அது கூழைக்கடா இல்லை.

மறுநாள் தேய்க்கலாம். எம்-சீலைத் தேய்க்கும்போது முகமூடி போடுங்கள், நனைத்துத் தேய்த்தால் தூள் பறக்காது.

10. இறக்கை, வால், கண்ணாடி

இறக்கையையும் வாலையும் இப்போது ஒட்டுங்கள். சக்கரம், ஏவுகணை, முன்மூக்குக் குச்சி போன்றவற்றைக் கடைசிக்கு வைத்துவிடுங்கள். பிரைமர் அடிக்க, டெக்கால் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் படம்) ஒட்ட என்று கையில் எத்தனை முறை எடுக்கப்போகிறோம்! சின்னக் குச்சிகள் ஒன்றும் மிஞ்சாது.

முன்னாலிருந்து பார்த்து இரண்டு இறக்கையும் ஒரே சாய்வில் இருக்கின்றனவா என்று பார்த்து, தீப்பெட்டிகளை அடியில் முட்டுக் கொடுத்துக் காயவிடுங்கள். நீளம் குறுகிய விமானத்தில் ஒரு டிகிரி கோணல்கூடப் பளிச்சென்று தெரியும்.

கண்ணாடிக்கு ஃபெவிக்விக் தொடவே கூடாது. அதன் ஆவி உள்ளே படிந்து வெண்மையாகப் பூத்துவிடும். ஃபெவிகாலைப் பல்குச்சியால் ஓரத்தில் தடவி வைத்தால் போதும், காய்ந்தால் கண்ணாடி போலத் தெளிந்துவிடும். காய்ந்ததும் கண்ணாடியின் வெளிப்பக்கத்தை மாஸ்கிங் டேப்பால் மூடிவிடுங்கள்.

இங்கே ஒரு முடிவு எடுக்க வேண்டும். உள்ளே பைலட் பொம்மை உட்கார்ந்திருக்க, வெளியே பறவைக் கண்ணும் வரைந்தால் விமானத்துக்கு இரண்டு முகம் ஆகிவிடும், பார்ப்பவர் எதைப் பார்ப்பது என்று தடுமாறுவார். கூழைக்கடாவுக்குக் கண் அலகின் பின்னால் பக்கவாட்டில் வருகிறது. அதனால் பைலட் வேண்டாம், கண்ணாடியை ஒட்டும் முன்பே உள்ளிருந்து கறுப்பாக அடித்துவிடுவது மேல். பைலட்டை விட மனமில்லாதவர்கள் கண் வரைவதை விட்டுவிடுங்கள், அலகே போதும்.

11. பிரைமரும் பெயின்ட்டும்

பெரிய அட்டைப்பெட்டியைப் பக்கவாட்டில் சாய்த்து, அதற்குள் மாடலை ஒரு குச்சியில் செருகி வைத்து அடியுங்கள். ஜன்னல் திறந்த அறை, முகமூடி, பக்கத்தில் அடுப்பு இல்லாத இடம். ஸ்ப்ரே டப்பாவை வெயிலில் வைக்காதீர்கள்.

பிரைமரை மாடலுக்கு வெளியே தொடங்கி, மேலே ஓட்டி, வெளியே முடியுங்கள். மாடலின் மேலேயே அமுக்கினால் முதல் துப்பல் கட்டியாக விழும். முதல் அடிப்பில் எல்லாம் மூட வேண்டியதில்லை. மெல்ல இரண்டு மூன்று அடிப்பு.

சாம்பல் நிறம் ஏறியதும் இதுவரை தெரியாத கீறல், கோடு எல்லாம் எழுந்துவரும். பிரைமரின் வேலையே இதுதான். சோர்ந்துபோகாமல் அந்த இடத்தை மட்டும் தேய்த்துத் திரும்ப அடியுங்கள். எல்லா மாடலும் இந்தப் படியில் ஒருமுறையாவது பின்னால் போய் வரும்.

நிறத்தின் வரிசை: வெளிறியது முதலில், அடர்ந்தது பிறகு. கறுப்பின் மேல் வெள்ளையை ஏற்றப் பல பூச்சு வேண்டும். வெள்ளையின் மேல் கறுப்பு ஒரே பூச்சில் நிற்கும். உடம்புக்குச் சுத்த வெள்ளை அடிக்காதீர்கள், பொம்மை போலாகிவிடும். துளி சாம்பல் கலந்த வெள்ளைதான் நிஜப் பறவைக்குக் கிட்ட. பிறகு அலகுக்கு மஞ்சள் கலந்த இளஞ்சிவப்பு, பைக்கு மங்கிய இளஞ்சிவப்பு, இறக்கை நுனிக்கும் பின்னோரத்துக்கும் சாம்பல்.

பிரஷ்ஷில் அடிப்பவர்களுக்கு நம் ஊர்ச் சூட்டில் பெரிய தொல்லை, தட்டில் ஊற்றிய அக்ரிலிக் ஐந்து நிமிடத்தில் தோலாகிவிடுவது. ஒரு சோப்பு டப்பாவில் நனைத்த துணியை மடித்துப் போட்டு, அதன்மேல் பட்டர் பேப்பர் விரித்து, அதில் பெயின்ட்டைக் கலக்குங்கள். அடியிலிருந்து ஈரம் ஏறிக்கொண்டே இருக்கும். ஃபேனை நிறுத்திவிடுங்கள். பால் பதத்துக்குத் தண்ணீர் விட்டு மெல்லிய பூச்சாக அடித்து, அது காயும் வரை தொடாதீர்கள். பாதி காய்ந்த இடத்தில் பிரஷ் திரும்பப் போனால் பெயின்ட் உரிந்து பிரஷ்ஷோடு வரும். “இங்க மட்டும் லேசா விட்டுப்போச்சு” என்று தொடுவதால்தான் பாழாகிறது. விட்டுப்போனதை அடுத்த பூச்சு பார்த்துக்கொள்ளும்.

12. கண்ணும் புள்ளியும்

நம் கூழைக்கடாவின் முழுப்பெயர் புள்ளி அலகுக் கூழைக்கடா. மேல் அலகின் ஓரமாக வரிசையாகக் கரும்புள்ளிகள். இதை வைக்காவிட்டால் வேறு ஏதோ ஒரு வெள்ளைப் பறவை.

பல்குச்சி நுனியைக் கொஞ்சம் மழுக்கி, நீர்த்த கறுப்பில் தொட்டு, முதலில் ஒரு டப்பா மூடியில் பத்துப் புள்ளி வைத்துப் பழகுங்கள். ஒரு தொடலுக்கு ஒரு புள்ளிதான். இரண்டாவது வைத்தால் சிறுத்துப்போகும். ஒரு பக்கம் முழுவதும் முடித்துவிட்டு மறுபக்கம் போகாமல், இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று போனால் இரண்டும் ஒத்துவரும்.

கண்ணுக்கு மாஸ்கிங் டேப்பை ஒரு பிளாஸ்டிக் தாளில் ஒட்டி, ஆபீஸ் பஞ்சிங் மெஷினால் குத்துங்கள். ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் வட்டமான ஓட்டை கிடைக்கும். அதை உரித்து மாடலில் ஒட்டி, ஓட்டைக்குள் அடித்தால் ஓரம் சுத்தமாக வரும். அடிப்பதற்கு முன் குத்திய வட்டத் துண்டுகளையே இரண்டு பக்கமும் ஒட்டிப் பார்த்து இடத்தைச் சரிசெய்யுங்கள். கண் ஒரு மில்லிமீட்டர் மேலே போனால் பறவை திகைத்துப் பார்க்கும், கீழே வந்தால் தூங்கிவழியும். முகத்தின் குணம் முழுவதும் இந்த ஒரு மில்லிமீட்டரில்தான் இருக்கிறது. அரைமணி நேரம் செலவழியுங்கள், தகும்.

கருவிழியில் மேல் ஓரமாக ஒரு வெள்ளைப் புள்ளி. இரண்டு கண்ணிலும் ஒரே திசையில்.

13. வார்னிஷ், டெக்கால், மறுபடி வார்னிஷ்

டெக்கால் ஒட்டுவதற்கு முன் பளபளப்பு வார்னிஷ் அடிக்க வேண்டும். மங்கலான பெயின்ட் நுண்ணிய மேடு பள்ளமாக இருக்கும். டெக்காலுக்கு அடியில் காற்று மாட்டிக்கொண்டு வெள்ளியாக மினுங்கும். வழவழப்பான பரப்பில் காற்றுக்கு இடம் இல்லை.

தண்ணீர் எது என்பதையும் பாருங்கள். ராதாபுரம், வள்ளியூர்ப் பக்கத்து போர் தண்ணீரில் உப்பு அதிகம். காய்ந்தபின் டெக்காலைச் சுற்றி வெள்ளைக் கறை படியும். பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர் ஒரு பாட்டில் வாங்கினால் பல மாடலுக்கு வரும்.

உருண்டையில் பெரிய டெக்கால் மடிப்பு விழும். ஓரத்தில் சின்ன வெட்டுகள் கொடுத்து, டெக்காலை இளக்கும் திரவம் தொட்டு, ஈரத் துணியால் நடுவிலிருந்து வெளியே ஒற்றுங்கள். இளகிய டெக்கால் முதலில் சுருங்கி அலங்கோலமாகத் தெரியும். கை வைக்காமல் விட்டால் தானாகப் படிந்துகொள்ளும். அந்த நேரத்தில் நீவிவிடப் போனால் கிழிந்துபோகும்.

மறுநாள் உடம்பு முழுவதும் மங்கல் வார்னிஷ். காய்ந்த பிறகு கண்ணிலும் பையிலும் மட்டும் பளபளப்பைப் பிரஷ்ஷால் தொடுங்கள். ஈரமாக இருக்க வேண்டிய இடம் ஈரமாகத் தெரியும். கண்ணாடியின் டேப்பை இப்போது உரியுங்கள்.

14. சக்கரம், நிறுத்தும் மேடை, தூசி

சக்கரக் கால்களை ஒட்டும்போது மூன்றும் தரையைத் தொடுகின்றனவா என்று கண்ணாடித் துண்டின் மேல் வைத்துப் பாருங்கள். மேசை மேல் வைத்துப் பார்த்தால் மேசையின் கோணலும் சேர்ந்துவிடும். மீதிக் குச்சிகளை இதற்கப்புறம் ஒட்டுங்கள்.

பறக்கும் நிலையில் நிறுத்த நினைப்பவர்கள் அம்பாசமுத்திரம் பக்கம் சொப்புச் சாமான் கடையும் கடைசல் பட்டறையில் ஒரு சின்ன மரக் கால் கடைந்து வாங்கிக்கொள்ளலாம். கம்பி போகும் துளையை வயிற்றில் ஆறாவது படியிலேயே போட்டு, உள்பக்கம் எம்-சீலால் பலப்படுத்தியிருக்க வேண்டும். கடைசியில் துளை போட்டால் பெயின்ட் பெயரும். கிட் கிடைக்காதவர்கள் உடம்பையே முட்டை வடிவில் கடைந்து வாங்கலாம், இறக்கைக்குப் பிளாஸ்டிக் தகடு. அப்போது எட்டாவது படிக்குப் பதிலாக மர நரம்பு மறையும் வரை சீலர் பூசி, தேய்த்து, மறுபடி பூச வேண்டியிருக்கும்.

ஆடிக் காற்றுத் தூசிக்கு மூடிய பெட்டி அவசியம். ஷோகேஸ் கிழக்குச் சுவரில், மாலை வெயில் விழும் ஜன்னலுக்கு எதிரே வேண்டாம், இளஞ்சிவப்பு நிறங்கள் சீக்கிரம் வெளிறும். பஸ்ஸிலோ காரிலோ கொண்டுபோவதானால் ஒரு டப்பாவில் ஸ்பாஞ்சை விமானத்தின் வயிற்றளவுக்குக் குடைந்து, சக்கரம் எதையும் தொடாமல் உடம்பு மட்டும் தாங்கும்படி உட்காரவையுங்கள். வெயிலில் நிற்கும் காரின் டாஷ்போர்டில் மட்டும் வைத்துவிட்டு இறங்காதீர்கள், மெல்லிய இறக்கையும் சக்கரக் காலும் வளைந்துவிடும். தூசி தட்ட மென்மையான மேக்கப் பிரஷ் போதும். ஈரத் துணி வேண்டாம், இழை மூக்கில் மாட்டி முன்குச்சியை இழுத்துவிடும்.